தட்டில் விழுந்த ஒற்றை ஒயர்

“பாக்கெட்ல இருக்கிற சாவி, சில்லறை, இரும்புச் சாமான் எல்லாத்தையும் இந்தத் தட்டுல போட்டுடுங்க. போனை ஆஃப் பண்ணி அந்தப் பெட்டிக்குள்ள வைங்க.”

சொன்னவளுக்கு லிஃப்ட் மெக்கானிக் மனசுக்குள் உடனே ஒரு பெயர் வைத்துவிட்டான்: கிண்ணக்காரம்மா. சுவரோரம் சின்னதும் பெரிதுமாக வெண்கலக் கிண்ணங்கள். நடுவில் ஒரு சட்டத்தில் ஆளுயர வெண்கல வட்டம் தொங்கியது.

“என்னம்மா இது, பாத்திரக் கடைக்குக் கூட்டிட்டு வந்திருக்கே?” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

“ஒலிக்குளியல்னு சொன்னேன்ல? கிண்ணத்தைத் தட்டுற சத்தத்துலயே மனசு ஓய்வெடுக்குமாம். வாயை மூடிக்கிட்டு வாங்க.”

“குளியல்னா ஒரு துண்டாவது எடுத்துட்டு வந்திருப்பேனே!”

அவள் சிரிக்கவில்லை. இரண்டு முறை பதிவு செய்து, இரண்டு முறையும் அவன் வேலை இருக்கிறதென்று கழுத்தறுத்த இடம் இது. பகல் முழுக்கத் தையல் மெஷின், சாயங்காலம் படுக்கையில் கிடக்கும் மாமனார் என்று ஓடிக்கொண்டிருந்தவள், சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகிறது. இன்றும் அவன் கண் ஆஸ்பத்திரி லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் மேல் போன் போட்டாள். “இன்னைக்கும் லிஃப்ட்தான் பெருசுன்னா, பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க!”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கண்ட்ரோல் பெட்டியை மூடினான், ஓடி வந்தான்.

டெஸ்டர், சாவிக்கொத்து, இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப் கொண்ட சிவப்பு ஒயர். வரிசையாகத் தட்டில் விழுந்தன. கடைசியாக விழுந்தது ஒயர். கிளிங்.

“இது கடிக்குமா?” ஒயரைப் பார்த்து கிண்ணக்காரம்மா கேட்டாள்.

“கரண்டை மட்டும்தான் கடிக்கும், மேடம்.”

எல்லோரையும் பாயில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்வை போர்த்தி, கண்ணுக்கு மேல் கறுப்புத் துணிப்பட்டை வைத்தாள். குரல் தாலாட்டுப் போல வந்தது. “சிலருக்குத் தூக்கம் வரும். குறட்டை விட்டாலும் பரவாயில்லை, நானும் அதை ஒரு வாத்தியமா எடுத்துக்குவேன். சிலருக்கு அழுகை வரும். சிலருக்கு என் மேலயே எரிச்சல் வரும். அடக்கி வெச்சது, மறந்துபோனது எதுவா இருந்தாலும் மேல வரலாம். வந்தா வரட்டும், போனா போகட்டும். துரத்திக்கிட்டு ஓடாதீங்க.”

முதல் ஒலி கொசு மாதிரி தொலைவில் தொடங்கியது. அடுத்தது பெரிய கிண்ணம். காதில் நுழைந்ததா, விலா எலும்பில் நுழைந்ததா என்றே தெரியவில்லை. தரை வழியாக முதுகுக்குள் ஊர்ந்தது. பக்கத்துப் பாயில் மனைவியின் மூச்சு மெல்ல நீண்டது. மூலையில் யாரோ குறட்டைக் கச்சேரியைத் தொடங்கிவிட்டார். அவனுக்கும் கை கால் கழன்று மிதப்பது போலிருந்தது.

பரவாயில்லையே, பாத்திரக் கடையில் விஷயம் இருக்கிறது.

அப்போதுதான் அவள் மிகச் சின்னக் கிண்ணம் ஒன்றைத் தட்டினாள்.

கிளிங்.

மிதந்துகொண்டிருந்தவன் தரையில் இறங்கினான்.

ஒயர் தட்டில் விழுந்தபோது ஒரே ஒரு ‘கிளிங்’தானே கேட்டது?

சிவப்பு ஒயர் அவனிடம் இரண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் அதை மாப்பிள்ளை, பொண்ணு என்று கேலி செய்வார்கள். கதவு சாத்தாமல் லிஃப்ட் நகரக்கூடாது என்பது விதி. சோதனைக்காகக் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்டை ஓட்டிப் பார்க்கவேண்டி வந்தால், மொட்டைமாடி அறையிலிருக்கும் கண்ட்ரோல் பெட்டியில் ஒரு ஒயரை மாட்டுவான். கதவு சாத்தியிருக்கிறது என்று லிஃப்ட் ஏமாந்துபோகும். அதைக் கழற்றும்வரை ஜோடி ஒயர் சட்டைப்பையில் காத்திருக்கும். பொண்ணு திரும்பி வந்து மாப்பிள்ளையோடு சேர்ந்தால்தான் பெட்டியை மூடலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

இன்று மாப்பிள்ளை மட்டும் தட்டில் கிடந்தான்.

போர்வைக்குள் விரல்கள் பாக்கெட்டைத் துழாவின. காலி.

ஒருவேளை கருவிப் பையில் போட்டிருப்பேனோ? போட்டிருப்பேன். கண்டிப்பாகப் போட்டிருப்பேன். மறந்துபோனது மேலே வரும், துரத்திக்கொண்டு ஓடாதே என்று அந்தம்மாவே சொன்னாளே. இது வெறும் பயம்தான். வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

மனைவியின் மூச்சைக் கேட்டான். தூங்குகிறாள். எழுந்தால் விழித்துக்கொள்வாள். மறுபடியும் லிஃப்டா என்று அந்த முகம் சுருங்கும். இன்னும் கொஞ்ச நேரம்தானே.

படுத்திருந்தான். வெண்கல வட்டம் அலை அலையாக அதிர்ந்தது. கண்ணைத் திறந்தான். ஒரே இருட்டு. துணிப்பட்டை.

கண்ணில் கட்டு!

அது கண் ஆஸ்பத்திரி. கட்டுப்போட்ட கண்ணோடு சுவரைத் தடவித் தடவி லிஃப்டுக்கு வருகிறவர்கள் நிறைந்த இடம்.

போர்வையை உதறி எழுந்தான். இருட்டில் குறட்டைக்காரர் காலை மிதித்தான். “யோவ்!” கிண்ணக்காரம்மா ஒரு கையால் வாசித்தபடியே நிமிர்ந்தாள்.

“போன் பெட்டிச் சாவி வேணும் மேடம். ஒரு உயிர் விஷயம்.”

அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் மணிக்கட்டிலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

போன் உயிர்பெறுவதற்குள் அவன் உயிர் போய்வந்தது. மறுமுனையில் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் உற்சாகமாக எடுத்தார். “என்ன சார், வீட்டுக்குப் போயும் லிஃப்ட் நெனப்பா? பட்டையைக் கெளப்புது சார்! முன்னெல்லாம் கதவைப் போட்டுப் போட்டுச் சாத்தணும். இப்ப சாத்தாமலே போகுது!”

“மெயினை ஆஃப் பண்ணுங்க! மாடிப்படிக்குக் கீழே, சிவப்புக் கைப்பிடி. ஓடுங்க! லிஃப்ட் கிட்ட யாரையும் விடாதீங்க!”

ஓடும் செருப்புச் சத்தம். பிறகு போனுக்குள் வேறொரு சத்தம். உயரத்திலிருந்து ஏதோ இரும்பில் மோதி மோதிக் கீழே விழும் சத்தம். ஒரு பெண்ணின் அலறல்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“சார்...” வாட்ச்மேனுக்கு மூச்சு வாங்கியது. “கம்பு சார். ரெண்டாவது மாடியில கதவு தொறந்து கெடந்திருக்கு, லிஃப்ட் இல்ல. கண்ணுல கட்டுப் போட்ட அம்மா ஒருத்தங்க கம்பை நீட்டிப் பார்த்திருக்காங்க. நழுவி விழுந்துடுச்சு. நர்ஸ் பிடிச்சு இழுத்துட்டாங்க. கம்பு மட்டும்தான் சார் விழுந்துச்சு.”

திரும்பினான். செருப்பைக் கையில் பிடித்தபடி மனைவி நின்றாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. எல்லாம் கேட்டுவிட்டாள்.

“நானும் வரேன்.”

பைக்கில் போகும்போது அவன் முதுகிடம் சொன்னாள்: “நான்தாங்க காரணம். போன் மேல போன் போட்டு உங்களை அவசரப்படுத்திட்டேன்.”

“நீ போன்தான் பண்ணினே. பெட்டியை மூடினது நான்,” என்றான். அதற்கு மேல் இருந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி வந்ததும் மொட்டைமாடிக்கு ஓடினான். கண்ட்ரோல் பெட்டிக்குள் பொண்ணு சமர்த்தாக மாட்டிக்கொண்டிருந்தது. கழற்றினான். பிறகு லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கிரீஸில் கிடந்த கம்பை எடுத்துத் துடைத்து, இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோனான். பெஞ்சில் இரு கண்ணிலும் கட்டோடு அந்த அம்மா. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பு கையில் பட்டதும் அந்த அம்மா அவன் விரல்களைப் பற்றிக்கொண்டாள். “லிஃப்டை நிறுத்தச் சொல்லி போன் பண்ணினது நீங்கதானா? நல்லா இருக்கணும்பா நீங்க.”

அப்படியே விட்டுவிடலாம். வாட்ச்மேன்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோளாறைப் பண்ணினதே நான்தாம்மா. ஒரு ஒயரைக் கழட்டாம போயிட்டேன்.”

பற்றிய கை தளர்ந்தது. அந்த அம்மா கம்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஞாபகம் வந்ததும் போன் பண்ணிட்டீங்கல்ல?”

மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“இல்லம்மா. ஞாபகம் வந்தப்புறமும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

தண்ணீர் தம்ளரை மனைவி மெதுவாகக் கீழே வைத்தாள்.

அந்த அம்மா கம்பை ஊன்றி எழுந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

“லிஃப்ட்ல நான் இனி ஏற மாட்டேன். படியில கூட்டிட்டுப் போங்க.”

அவன் தோளைக் கொடுத்தான். கை வந்து படிந்தது.

“படி,” என்றான். அவள் கம்பை நீட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள்.

“படி.”

மறுபடியும் தட்டிப் பார்த்தாள்.