தெளிவில்லாத படம்

மருத்துவ வாரியத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கே பதினேழு பேர் நின்றார்கள். செங்கல் சூளையில் கல் அடுக்கும் ஓக்னியான் பதினெட்டாவது ஆள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டாக வேண்டியவனுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. பத்துக் கல் தூக்குவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. வாரியம் முத்திரை குத்தினால்தான் மருந்துக்கடையில் ஊசி. வெள்ளிக்கிழமைக்குள் ஊசிச் சீட்டைக் காட்டாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டான்.

முன்னால் ஊன்றுகோலோடு நின்ற ஒற்றைக்கால் சுரங்கத் தொழிலாளி ஸ்தோய்மென், தன் பனிட்சாவில், அந்தப் பாலாடைக்கட்டி அப்பத்தில், ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.

"உனக்கு என்ன தம்பி?"

"விரைக்கொட்டை இல்லண்ணே. பொறவியிலேயே. அதுக்குத்தான் ஹார்மோன் ஊசி."

ஸ்தோய்மென் கீழே பார்த்தார். பிறகு மரியாதையாக மேலே பார்த்தார். "நல்லாத் தேடிப் பாத்தாங்களா?"

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறப்பதான் தெரிஞ்சுது. மேல ஒளிஞ்சிருக்கும்னு வயித்தைத் திறந்து தேடினாங்க. வேற ஒரு ஊசி போட்டு ரத்தத்தையும் பாத்தாங்க. எங்க இருந்தாலும் ரத்தம் காட்டிக்கொடுத்துருமாம். காட்டலை."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வர்ற?"

"மொளைச்சிருச்சான்னு பாக்கணுமாம்."

"அட, நீயும் நம்ம கட்சிதானா! என் காலுக்குப் பதினோரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்கப்பா!"

வரிசையே சிரித்தது. ஓக்னியானும் சிரித்தான்.

உள்ளே வாரியத் தலைவி டாக்டர் பெல்சேவா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல ஒண்ணுமே தெரியலயே."

"ஒண்ணுமே இல்லம்மா. அதான் தெரியல."

"இடது எத்தனை மில்லிமீட்டர், வலது எத்தனைன்னு கட்டம் இருக்கு. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"பூஜ்யம் போடுங்களேன்."

"பூஜ்யத்தையும் ஏத்துக்காது."

திரைக்குப் பின்னால் அவளும் வாரியத்தின் மற்ற இரண்டு டாக்டர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஆமாம், இல்லைதான் என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். பெல்சேவா கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுதினாள்: படம் தெளிவில்லை. திரும்ப எடுத்து வரவும்.

"நீங்களே தொட்டுப் பாத்தீங்களேம்மா!"

"நாங்க பாத்தது எங்களுக்கு. ஃபைலுக்குப் படம் வேணும்ல?"

ஓக்னியானுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் எடுக்கத் தேதி கேட்கப் போனான். வெள்ளிக்கிழமை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, சூளையில் அவன் இடத்தில் வேறொருவன் கல் அடுக்கத் தொடங்கிய நேரத்தில், ஓக்னியான் கால்சட்டையை இறக்கிவிட்டு மேசையில் மல்லாந்து கிடந்தான். ஸ்கேன் எடுக்கும் பெண் சில்லென்ற பசையைத் தடவி, கருவியை அழுத்தினாள்.

"அசையாதீங்கண்ணே. இந்தத் தடவையாவது தெளிவா வரணும்."