அடுக்கி வைத்த ஃபோல்டர்

அவனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். அடுத்தவர் மேசையில் பேனா கோணலாகக் கிடந்தாலே கை அரிக்கும். அப்படிப்பட்டவனுக்குத் தொழில் கூட்டாளியாக வாய்த்தவரோ மனைவியின் அண்ணன், எதையும் போட்டது போட்டபடி விடுகிற ஆள். ஒரே அறையில் இரண்டு பேரும் இணையதளம் கட்டித் தருகிறார்கள். மச்சான் தன் கோப்புகளுக்கு வைக்கும் பெயர்களைக் கேளுங்கள்: ‘புதுசு’, ‘புதுசு2’, ‘இது இருக்கட்டும்’.

குடும்ப ஆலோசகர் ஒருவருக்கு அவர்கள் கட்டிய தளத்தில் ஜனங்கள் வீட்டுச் சங்கடங்களை எழுதுவார்கள், ஆலோசகர் பதில் சொல்வார். எல்லோரும் படிக்கலாம், எழுதியவர் பெயர் மட்டும் வெளியே வராது. பெயரை மறைப்பது மச்சான் எழுதிய ஒரு பிளகின், தளத்தோடு ஒட்டவைக்கும் சின்ன நிரல். யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, தளம் திறக்கும்போது தானாகவே ஓடும் பிளகின்களுக்கான ஃபோல்டரில் அதைப் போட்டிருந்தார்.

அன்று காலை அந்த ஃபோல்டர் அவன் கண்ணில் பட்டது.

“என்ன மச்சான், ஃபோல்டரா குப்பைத்தொட்டியா? அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு. அவ அலமாரியும் இப்படித்தான்.”

“ஓடுதுல்ல, விடுங்க மாப்ள.”

விடுவானா? பாதுகாப்பு, தோற்றம், மின்னஞ்சல் என்று உள்ளே தனித்தனி ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அடுக்கினான். தளம் திறந்தது, பிழை எதுவும் காட்டவில்லை. பரம திருப்தியோடு வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

மதியம் திரும்பியபோது மச்சான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அடுக்கியதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

“உள் ஃபோல்டரைத் தளம் எட்டிக்கூடப் பாக்காது மாப்ள. மேலாப்புல கிடக்கிறதை மட்டும்தான் ஓட்டும். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான். அடுக்குகிற வெறியில் மறந்து தொலைத்தான்.

“பேரெல்லாம் வெளிய வந்துடுச்சா?”

“காலையிலேர்ந்து. இப்பத்தான் மறைச்சேன்.” மச்சான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “பேர் வராதுன்னு நான்தான் அவகிட்டச் சொன்னேன். என்னை நம்பித்தான் எழுதியிருக்கா.”

“யாரு?”

மச்சான் திரையைத் திருப்பினார். மறைப்பதற்கு முன் திறந்த பக்கம் அப்படியே நின்றது. மேலே அவன் மனைவியின் பெயர், அவன் பெயரும் சேர்ந்த முழுப் பெயர்.

‘டப்பாவைக்கூட அவர் சொன்ன வரிசையில்தான் வைக்க வேண்டும். மாறினால், வந்தவர் போனவர் முன்னால் இவளுக்கு மூளை அவ்வளவுதான் என்று சிரிப்பார். நான் மக்கு என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.’

காது மடல் எரிந்தது அவனுக்கு. காலையில் இதே வாய்தானே அவள் அண்ணனிடமே அவளை இளக்காரம் பேசியது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரே படித்துவிட்டதே என்பதைவிட, அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே என்பதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது.

உடனே வீட்டுக்குப் போனான். அவள் சமையலறையில் கையில் போனோடு நின்றாள். அழுது முடித்த முகம்.

“சித்தி போன் பண்ணாங்க. பெரியம்மாவும் பண்ணிட்டாங்க. எப்படி வெளிய வந்துச்சு? வரவே வராதுன்னு அண்ணன் சொல்லிச்சே.”

மச்சான் தலையில் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

“அண்ணன் மேல தப்பில்ல. நான்தான். அந்த ஃபோல்டர் ஒழுங்கில்லாம கிடந்துச்சா, அதான்...”



“அடுக்கிட்டீங்களாக்கும்,” என்றாள் அவள்.

அவள் தலைக்குப் பின்னால் டப்பாக்கள் அவன் சொன்ன வரிசையிலேயே நின்றன. அவற்றை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை.