ஐஸ்லாந்து உறையில் ஒரு பூச்சி

முதலில் அதை நூல் என்றுதான் நினைத்தாள். பதினோராம் தாளின் அடியில், விளக்கச் சீட்டை ஒட்டி, ஓர் அரிசி நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தபால் தலைக் கண்காட்சியின் கண்ணாடிச் சட்டத்தை நேற்று மாலையே பூட்டிவிட்டார்கள். அதற்கு முன் ஒவ்வொரு தாளையும் ஊதித் துடைத்துத்தான் மாட்டினாள். நூல் எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தபோது, நூலுக்கு மீசை முளைத்து அசைந்தது.

கண்ணாடியில் நெற்றி இடிக்க இன்னும் குனிந்தாள்.

வெள்ளிப்பூச்சி. பழைய புத்தகத்தைப் பிரித்தால் பளபளவென்று நெளிந்து ஓடுமே, அதுதான். மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். தபால் தலை சேர்ப்பவர்களுக்கு, தாளையும் பசையையும் அது மேய்ந்துவிடுமே என்று உயிரே போய்விடும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் இழைப்பவள். பதினாறு வருஷமாக ஐஸ்லாந்தின் பழைய விமானத் தபால்களைச் சேர்க்கிறாள். அந்த நாட்டுக்குப் போனதில்லை, பனிக்கட்டியை ஃப்ரிட்ஜில் பார்த்ததோடு சரி. வீட்டில் அவளுக்குத் 'தபால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "தபால் இன்னும் கடையிலிருந்து வரலையா?" என்று கணவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தபால்காரரைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்.

கண்காட்சியின் நாற்பத்தொன்றாம் சட்டத்தில் அவளுடைய பதினாறு தாள்கள் தொங்கின. அதில் பதினோராம் தாள்தான் உயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது கோடையில், வடக்குக் கடற்கரையில் மீன் கூட்டம் தேடிப் பறந்த ஒரு கடல்விமானம் போகிற போக்கில் கொண்டுபோன கடித உறை. ரெய்க்யாவிக்கில் இருந்த ஒரு மருந்துக்கடைக்காரருக்கு யாரோ அனுப்பியது. ராஜா படம் போட்ட சாதாரணத் தபால் தலையின் மேல் ஒரு குட்டி விமானத்தை அச்சடித்து, அதையே விமானத் தலை ஆக்கியிருந்தார்கள். அதன் மேல் வட்ட முத்திரை, பாதி தலையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருந்தது. அந்த வட்டம் எங்கும் அறுபடவில்லை. தலை இந்த உறையிலேயேதான் பயணம் செய்தது, பிற்பாடு யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை என்பதற்கு அந்த வட்டம் மட்டும்தான் சாட்சி. ஐஸ்லாந்தில் உறையை வைத்திருந்த ஒரு படகுப் பழுதுக்காரரோடு நான்கு வருஷம் கடிதம் எழுதி எழுதி, தன்னிடமிருந்த நல்ல சரக்கில் பாதியைக் கொடுத்து மாற்றிக்கொண்டாள்.

போன கண்காட்சியில் எண்பத்து நான்கு மதிப்பெண். எண்பத்தைந்து வாங்கினால் அடுத்த வருஷம் உலகக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அந்த ஒற்றை மதிப்பெண்ணைத் தேடித்தான் இந்த உறைவரைக்கும் வந்தாள்.

அரங்கின் கோடியில் இடுப்பில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஓடினாள். சாவிக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நடுவர்கள் மார்க் போட்டு முடிக்கிறவரைக்கும் ஃப்ரேமைத் திறக்கக் கூடாதும்மா. திறந்தா போட்டியிலிருந்து விலகினதா அர்த்தம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. கையெழுத்துப் போட்டா உடனே திறந்துவிடறேன்."

தலைமை நடுவரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள். மனுஷர் எழுந்து போய்க் கேட்டுவிட்டே வந்தார். விதிப் புத்தகத்தில் தீ இருக்கிறதாம், வெள்ளம் இருக்கிறதாம், பூச்சி இல்லையாம்.

நடுவர்கள் மூன்று பேர். காலை பத்து மணிக்கு முதல் சட்டத்தில் தொடங்கியிருந்தார்கள். நாற்பத்தொன்றுக்கு வர மூன்று மணி ஆகும்.

துணைக்கு வந்திருந்த நாத்தனார் தையல் கடைக்காரி, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். கடைப் பசையில் அமிலம் இருக்கும், தாள் பழுத்துவிடும் என்று அண்ணி பயந்து, பதினாறு விளக்கச் சீட்டையும் வீட்டில் காய்ச்சிய மாவுப் பசையால் ஒட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

"இலை போட்டுப் பரிமாறிட்டு, ஏன் சாப்பிட வந்தேன்னு கேட்டா எப்படி அண்ணி?" என்றாள்.

நிறம் வெளுக்காமல் இருக்க விளக்குகளைக் குறைத்து வைத்திருந்தார்கள். அந்த அரையிருட்டு பூச்சிக்கு ரொம்பவும் தோதாகப் போயிற்று. அசையாமல் விளக்கச் சீட்டிலேயே கிடந்தது. அவளும் அசையவில்லை. நாற்பத்திரண்டாம் சட்டக்காரர் புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் வந்து வணக்கம் சொன்னார். சரக்கு ரயில் ஓட்டுகிறவர், ரயில் படம் போட்ட தலைகள் சேர்ப்பவர். முதல் போட்டி, நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்றார். அப்படி எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சும்மா என்று சொல்லிவைத்தாள்.

மதியம் சாப்பிடவில்லை. நாத்தனார் கொண்டுவந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நடுவர்கள் தேநீருக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள். இரண்டரை மணிக்கு முப்பத்தெட்டில் நின்றார்கள்.

அப்போதுதான் பூச்சி கிளம்பியது.

அது அதுவரை கிடந்த இடத்தைக் கண்ணாடி வழியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். விளக்கச் சீட்டில் ஒரு வரியின் கடைசி மூன்று எழுத்துகள் மங்கி, தாளின் மேல்தோல் உரிந்திருந்தது. ஓட்டை போடும் ஜாதி இல்லை இது. மேலாக மேயும். முத்திரையின் மை மேலாகத்தானே இருக்கிறது.

பூச்சி உறையின் ஓரத்தில் ஏறியது. மருந்துக்கடைக்காரரின் முகவரியை வரிவரியாகத் தாண்டியது. நடுவர்கள் முப்பத்தொன்பதில் ஏதோ ஒரு கப்பல் முத்திரைக்காக விவாதத்தில் இறங்கிவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டே ஃப்ரேம்தான் அண்ணி. பல்லைக் கடிச்சுக்கோங்க," என்றாள் நாத்தனார். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

முத்திரை வட்டம் தலையை விட்டு உறைக்கு இறங்கும் இடத்தில் பூச்சி நின்றது. மீசையால் தடவிப் பார்த்தது. தன் தலையைத் தாழ்த்தியது.

எண்பத்தைந்து வாங்கலாம், உலகக் கண்காட்சிக்கும் போகலாம். போய் எதைக் காட்டுவது?

சாவிக்காரரிடம் ஓடிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். சாவிக்காரர் 'போட்டியில் இல்லை' என்ற சிவப்பு அட்டையை முதலில் மாட்டிவிட்டு, பிறகுதான் பூட்டைத் திறந்தார். கண்ணாடி நகர்ந்ததும் பூச்சி சரேலென்று ஓடியது. தாளைத் தாண்டி, உலோக விளிம்பைத் தாண்டி, இரண்டு சட்டங்களும் சேரும் இடத்தில் நகக்கண் அளவு இடுக்கில் நுழைந்து, நாற்பத்திரண்டுக்குள் போய்விட்டது.

அவள் அதைத் துரத்தவில்லை. உறையைத்தான் எடுத்தாள். பூதக்கண்ணாடியில் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு சுற்று. ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

சாவிக்காரர் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார். நடுவர்கள் நாற்பதாம் சட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ரயில்காரர் தேநீர் குடித்துவிட்டு வந்து, தன் சட்டத்துக்குப் பக்கத்தில் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "வாயைத் திறக்காதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல அவருக்கு மார்க் விழுந்துடும். அப்புறம் சொல்லிக்கலாம்."

சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் என்ன முழுகிவிடும்? ஆனால் ஐந்து நிமிஷத்தில் ஒரு பூச்சி எவ்வளவு தூரம் நடக்கும் என்று இந்த அரங்கில் அவளுக்குத்தான் தெரியும். காத்திருப்பதா திறப்பதா என்று காலையிலிருந்து அவள் பட்ட பாடு அவளுடையது. இந்த ஐந்து நிமிஷம் அவருடையது. அதை அவருக்காக இவள் செலவழிக்க முடியாது.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். "நீங்க கேட்டப்ப ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அது பொய்."

இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ரயில்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. சிவப்பு அட்டையைப் பார்த்தார். தன் சட்டத்தைப் பார்த்தார். அவளைத் திட்டவில்லை.

"எந்தப் பக்கமாப் போச்சு?" என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

அவள் காட்டினாள். அவர் இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றி, மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தேடத் தொடங்கினார். நடுவர்கள் நாற்பத்தொன்றின் சிவப்பு அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்து வந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க சார், பார்க்கணும்," என்றார் அவர்களில் உயரமானவர்.

ரயில்காரர் தள்ளிக்கொள்ளவில்லை.