நீங்க முதல்ல ஏறுங்க

1

வாசகர்களுக்கும், விமர்சகர்களுக்கும், இலக்கிய வரலாறு எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இந்தக் கதையில் வரும் ஏரி எதற்கும் குறியீடு அல்ல. அது காலம் அல்ல, மனம் அல்ல, கடவுளும் அல்ல. தண்ணீர். ஓரத்தில் கொஞ்சம் சேறு.

இந்த அறிவிப்பு என் மகள் போட்ட நிபந்தனை. "எழுதித் தொலைங்கப்பா. ஆனா ஏரிய வச்சு தத்துவம் பேசினீங்கன்னா அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள். யாருக்கும் பெயர் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. எழுதியதை அவள் படித்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது மூன்றாவது. எனவே அடைப்புக்குறிக்குள் யாராவது என்னைத் திட்டினால் அது அவள். அவள் இல்லையென்றால் அவளுடைய அம்மா. என் எழுத்து மேஜை சமையலறைக்கு எதிரே இருக்கிறது. இலக்கியத்துக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது.

கதை பிறந்த விதம் இது. என் மகள் நகரத்தில் ஒரு கிளினிக்கில் காது கேட்கும் கருவி பொருத்தும் வேலை பார்ப்பவள். அவளுக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டது. அவனுக்கும் அவளை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பையனுக்கு வேலை மட்டும் ஓர் ஏரிக்கரை ஊரில். நீர்மட்டம் அளந்து, மதகு திறந்து, மதகு மூடுகிற பொறியாளர். ஏரியை விட்டுவிட்டு அவன் நகரத்துக்கு வர முடியாது. ஏரியையும் கூட்டிக்கொண்டு வர முடியாது.

"ஊரப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் போய்ப் பாக்கலாம். திரும்பி வீடு வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடறேன்" என்றாள் மகள்.

ஆக, இரண்டு குடும்பமும் சேர்ந்து தனியாக ஒரு வேன் பிடித்தோம். காலையில் போய் சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் ஆசை. பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் அவள் எங்களுக்கு ஒரே பெண். காலையில் குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வர மாட்டாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கத்துவேன். வருடக்கணக்காக அப்படித்தான் என் நாள் தொடங்குகிறது. வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியாது.

(இந்த இடத்த எடுத்துடுங்கப்பா.)

எடுக்க மாட்டேன்.

2

தொடக்க வாக்கியம் எனக்கு எப்போதும் மக்கர் பண்ணும்.

முதல் முயற்சி: "விடியலின் மெல்லிய விரல்கள் நகரத்தின் நெற்றியை வருடிக்கொண்டிருந்த—" நிறுத்தினேன். அந்த நேரத்தில் நகரத்தை வருடிக்கொண்டிருந்தது குப்பை லாரி.

இரண்டாவது: "பயணம் என்பது உண்மையில்—" இப்படி ஆரம்பித்த எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.

மூன்றாவது: வேன் வந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். வேன் வந்தது. அதில் பையனின் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவரை இந்தக் கதையில் தலைவர் என்று அழைப்போம். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசினாலும் எதிரே மைக் இருப்பதுபோலப் பேசுவார்.

"இந்த இனிய காலை வேளையிலே, இரு குடும்பங்களும் ஒரே வாகனத்திலே சங்கமிக்கிற இந்தத் தருணத்திலே, நீங்க ஜன்னலோரம் உக்காரணும்" என்றார்.

"ஐயோ, நீங்க உக்காருங்க" என்றேன்.

"அதெப்படி? நீங்க பொண்ணு வீட்டுக்காரங்க."

"நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. நாங்க உக்காந்தா நல்லா இருக்குமா?"

இப்படியே வேன் நகரத்தைத் தாண்டிவிட்டது. கடைசியில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலை விட்டுக்கொடுத்து, நடுவில் இருந்த சின்ன இடத்தில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு ஜன்னலோர இருக்கைகளும் காலியாக ஏரிப் பயணம் வந்தன. என் மனைவியும் தலைவரின் மனைவியும் ஏறியவுடனேயே முன்வரிசை ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பையனும் பெண்ணும் கடைசி வரிசையில்.

3

தலைவர் என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானே கேட்டேன். அவரைக் கொஞ்சம் குறைத்து எழுதலாமா என்று யோசித்தேன்.

(அவர் நல்ல மனுஷன். பிளாஸ்க்லேர்ந்து முதல் டீயை உங்களுக்குத்தான் ஊத்தினார். அதையும் எழுதுங்க. — இது மனைவி.)

ஊற்றினார். "நீங்க முதல்ல குடிங்க" என்று நானும் சொன்னேன். டீ ஆறிப்போனது.

மலை ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளைத் துணி கட்டிவிட்டதுபோல ஒன்றும் தெரியவில்லை. எனக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம். ஊரைப் பார்த்துவிட்டுத்தானே சொல்லுவாள்? பார்க்கட்டும்.

ஓட்டுநர் மட்டும் தளரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"இடது பக்கம் பாருங்க சார். அருவி."

"ஒண்ணும் தெரியலையே தம்பி."

"இன்னிக்குத் தெரியாது சார். ஆனா அங்கதான் இருக்கு."

அவர் மனம் நோகக் கூடாதென்று தலைவர் கைபேசியை நீட்டி அந்த வெண்மையைப் படம் எடுத்தார். "அருமையான அருவி" என்றார். பிறகு அடுத்தடுத்து ஒரு பள்ளத்தாக்கையும் ஒரு தீவையும் அதே மாதிரி எடுத்தார். மூன்று படங்களையும் எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். எது எதுவென்று அவருக்கே இப்போது தெரியாது.

நான் என் வேலையைத் தொடங்கினேன். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஓட்டுநரை விசாரித்தேன்.

"இங்க மழை ஜாஸ்தியோ?"

"ஜாஸ்திதான் சார்."

"துணி காயுமா?"

"காயும் சார். ரெண்டு நாள் ஆகும்."

"கரண்ட்டு?"

"போகும் சார். வரும்."

திரும்பிப் பார்த்தேன். மகள் ஜன்னலில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பையன் அதைத் திருத்திக்கொண்டிருந்தான். ஏரியின் வரைபடமாம்.

ஏரிக்கரையில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். கடைக்காரர் "சர்க்கரை போடவா" என்று கேட்டது அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. பக்கத்தில் இருவர் குசலம் விசாரித்துக்கொண்டது அடிதடிபோலக் கேட்டது.

"ஏன் தம்பி, இந்த ஊர்ல எல்லாரும் இப்படிக் கத்தறாங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.*

"படகு சார். காலம்பூரா இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்காங்கல்ல? நடு வயசுலயே பாதிப் பேருக்குக் காது மந்தமாயிடும். அவங்ககிட்டப் பேசிப் பேசி மத்தவங்களுக்கும் கத்தற பழக்கம் வந்துடும்."

கிடைத்தது. மழையைவிட, கரண்ட்டைவிட உருப்படியான குறை. மகள் பக்கம் திரும்பினேன். "கேட்டியாம்மா? ஊருக்கே காது கேக்காதாம். இங்க எப்படிக் குடித்தனம் பண்றது?"

"அப்படியா?" என்றாள். அன்று முழுக்க நான் சொன்னதில் அவள் தலை நிமிர்ந்து கேட்டது அது ஒன்றுதான். வெற்றி நெருங்கிவிட்டது என்று இன்னொரு டீ சொன்னேன்.

* இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. உலகத்தில் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன.

4

படகுத்துறை.

("ஏரி தன் ரகசியங்களைப் பனிக்குள்—" என்று எழுதி அடித்துவிட்டேன். நிபந்தனை ஞாபகம் இருக்கிறது.)

எங்களுக்காகவே பேசி வைத்த படகு. ஆறு பேர் உட்காரலாம். ஏறுவதற்கு ஒரு பலகை. அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

பையனும் பெண்ணும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மனைவிமார் இருவரும் டீக்கடையில் இன்னும் எதையோ முடிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் இன்ஜினை முடுக்கினார். பலகையின் இந்த முனையில் தலைவரும் நானும்.

"நீங்க முதல்ல ஏறுங்க" என்றார் தலைவர்.

"வயசுல பெரியவர் நீங்க. நீங்க ஏறுங்க."

"வயசு என்ன வயசு? ஆறு மாசம் மூத்தவன். மரியாதைன்னு ஒண்ணு இருக்கே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்."

"நான் தாழ்மையோட மறுக்கறேன்."

கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கி வழிவிட்டோம். நிமிர்ந்தபோது பலகை கரையில் கிடந்தது. படகைக் காணோம். பனிக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. படகுக்காரர் அவசரக்காரர் போலிருக்கிறது.

நாங்கள் இரண்டு தகப்பன்களும் மௌனமாகப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏரி நடுவில் திடீரென்று இன்ஜின் நின்றது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு என் மகள் சிரித்தது கேட்டது. சின்னப் பிள்ளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

5

இன்ஜின் நின்ற நேரத்தில் படகில் என்ன பேசிக்கொண்டார்கள்? அந்த உரையாடல் இல்லாமல் கதை நிற்காது. நான் அங்கே இல்லை. எழுத்தாளனுக்கு அது ஒரு தடையா?

பதிப்பு ஒன்று. "இந்தப் பனி விலகும்போது நம் வாழ்வின் கரை—" என்றான் அவன். வேண்டாம். மதகு திறக்கிறவன் இப்படிப் பேசினால் ஊர் மூழ்கிவிடும்.

பதிப்பு இரண்டு, தலைவர் கையால் எழுதினால்: இரு தரப்பும் கலந்தாலோசித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றின. நன்றியுரைக்குப் பின் படகு கரை திரும்பியது.

பதிப்பு மூன்று.

"ஊரு ரொம்ப ஈரமா இருக்குங்க. நான் வரல."

"சரிங்க. நண்பர்களா இருப்போம்."

சுருக்கம், யதார்த்தம், சோகம். எந்தப் பரிசுக்கும் அனுப்பலாம். இதையே வைத்துக்கொண்டு மகளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. நிபந்தனைப்படி அப்படியே தருகிறேன்.

(அப்பா, படகுக்காரர் அவசரக்காரர் இல்ல. நான்தான் கிளம்புங்கன்னு கை காட்டினேன். முதல்ல வாயால ரெண்டு தடவ சொன்னேன், அவருக்குக் கேக்கல. அதான் ஏரி நடுவுல இன்ஜின நிறுத்தச் சொல்லி, அவருக்குப் பின்னாடி போய் நின்னு, சன்னமாப் பேசிப் பேசிக் காது எவ்வளவு போயிருக்குன்னு பாத்தேன். வலது காது மோசம், அது இன்ஜின் பக்கம். கருவி வச்சா கேக்கும். உங்க மாப்பிள்ளை அந்த நேரம் முழுக்க வாயத் தொறக்கல, சத்தம் போட்டா சோதனை கெட்டுடும்னு. எனக்கு அது பிடிச்சிருந்தது.

அப்புறம், நீங்க மௌனமாப் பனியப் பாத்துக்கிட்டு நிக்கல. தண்ணி மேல சத்தம் நல்லாப் பாயும். கரையில ஒரு பெஞ்சு இருந்துச்சாமே, ஒரு ஓரம் மட்டும் ஈரமில்லாம? "நீங்க முதல்ல உக்காருங்க", "ஐயோ நீங்க உக்காருங்க". நாங்க திரும்பி வர்ற வரைக்கும் அதுதான். அதக் கேட்டுத்தான் சிரிச்சேன்.)

இரண்டு திருத்தங்கள். ஒன்று, பெஞ்சில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. இரண்டு, "உங்க மாப்பிள்ளை" என்ற சொற்களை வாசகர் கவனிக்காமல் கடந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கதை இன்னும் முடியவில்லை.

6

திரும்பும் வழியில் பனி விலகியதாம். ஏரி முழுசாகத் தெரிந்ததாம். முன்வரிசையில் இரண்டு அம்மாக்களும் "எவ்வளவு அழகு" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். தலைவரும் நானும் நடுவில் இருந்ததால் ஒருவர் காதை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மகள் வழியில் வாயே திறக்கவில்லை. நகரம் வந்தது. எங்கள் தெரு வந்தது. வேனை அனுப்பிவிட்டு மாடி ஏறினோம். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றியவள், நிமிராமலே சொன்னாள்.

"அப்பா, அந்த ஊர்ல காது பாக்கறதுக்கு ஒருத்தர்கூட இல்ல தெரியுமா? நீங்க சொன்னப்பறம்தான் யோசிச்சேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஊருக்கே காது கேக்காதுன்னு."

நான் உள்ளே போய் விளக்கைப் போட்டேன். அவள் சொன்னது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. வெறும் தகவல். ஆகவே முடிவை உங்களிடமே ஒப்படைக்கிறேன். அவளுக்கு ஊரின் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு நகரத்திலேயே ஒரு ஏரி கிடைத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றவள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறாள் என்றால் எனக்கு மிகவும் திருப்தி. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. நீங்க முதல்ல போங்க. நான் பின்னால் வருகிறேன்.

எங்கள் வீட்டுக் குளியலறை இப்போதெல்லாம் காலை முழுக்கக் காலியாக இருக்கிறது.