கட்டிவைத்த தடுப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவர்கள் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவள் பெரியவளின் சித்தி மகள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் பெரியவள்தான். ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கிறது, வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னவளின் வலது கை உருளைக்குள் போய்விட்டது.

பெரியவள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் நான்கு விரல்களும் வெந்துபோயிருந்தன.

அன்றிலிருந்து பெரியவளின் மனம் ஒரே பாட்டைத்தான் பாடியது. நான் சேர்த்துவிட்டதால்தான். என் பக்க முனையை வேகமாக இழுத்ததால்தான். நான் தொட்டது எதுதான் உருப்பட்டது? பல் தேய்க்கும்போதும் அதுதான், பஸ்ஸில் நிற்கும்போதும் அதுதான். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படி. மழை வந்து அடுத்த வீட்டுத் துணி நனைந்தால்கூடத் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்.

நிர்வாகம் என்ன செய்தது? கம்பியை அப்படியே விட்டுவிட்டு, விபத்துக்குச் சின்னவளின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக்கொண்டது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் கால்மணியை வெட்டி, எல்லோருக்கும் தியான வகுப்பு வைத்தது.

"மனசு ஒரு இடத்துல இல்லாததாலதான் கை போச்சு. உட்காந்து மூச்சைக் கவனிங்க, எல்லாம் சரியாகும்" என்றார் சூப்பர்வைசர். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் சொல்லிக்கொடுக்க வந்த பெண் புளுகவில்லை. எண்ணம் வந்தால் விரட்ட வேண்டாம், 'ஓர் எண்ணம் வந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லிக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள் என்றாள். பெரியவள் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள். முதல் வாரம் மூச்சாவது மண்ணாவது, வயிறு எரிந்ததுதான் மிச்சம். இரண்டாம் வாரம் ஒருநாள், 'என்னால்தான்' வழக்கம்போல் வந்தது. 'ஓர் எண்ணம் வந்திருக்கிறது' என்றாள் உள்ளுக்குள். அது போய்விடவில்லை. ஆனால் தலைமேல் ஏறி உட்காராமல் சற்றுத் தள்ளி நின்றது. இத்தனை வருடம் தன்னை ஆட்டிவைத்தது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

அதன்பின் வீட்டிலும் உட்கார்ந்தாள். முனையை வேகமாக இழுத்தோமோ என்ற நினைப்பு வந்தது, போனது. உருப்படாதவள் என்பதும் வந்தது, போனது. எல்லாம் ஒதுங்கிய இடத்தில் அந்தக் கம்பி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"மெஷின்ல தடுப்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்குன்னு தோணிக்கிட்டே இருக்கும்மா. இதுவும் எண்ணந்தானா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "நிஜமாவே கட்டியிருக்கா?"

"போன வருஷத்துலேருந்து. சார்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்."

"அப்ப அது உங்க கண்ணால பாத்தது. உட்காந்துக்கிட்டே இருந்தா அவிழாது."

சூப்பர்வைசர் குறுக்கே வந்து, இங்கே எதிர்மறையாகப் பேசக் கூடாது என்றார். பெரியவள் குரலை உயர்த்தவில்லை.

"இத்தனை நாளா இந்தப் பாவத்தை நான் சுமந்தேன் சார். இது உங்களோடது. நீங்களே வச்சுக்கங்க."

அன்று மாலையே கம்பியைப் படம் எடுத்து, புகார் எழுதி, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். பதினோரு பெண்களில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆய்வாளர் வந்த நாளில் கம்பி மாயமாகியிருந்தது. படத்திலிருந்து அதை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கவனக்குறைவு என்ற வரியை நிர்வாகமே அடிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான் தண்டனை. தியான வகுப்பையும் நிறுத்தினார்கள். ஆட்களைக் கெடுக்கிறதாம்.

சின்னவளின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெரியவள் இப்போதும் தினமும் காலையில் கால்மணி நேரம் உட்காருகிறாள். கோபம் வருகிறது. நியாயமான கோபம் என்று அதற்கும் இடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.