நோயாளியின் மனைவி சொன்னபடி

“எந்தக் கால் முதல்ல கனத்துச்சு?” என்று பெரிய டாக்டர் ஓட்டுநரைப் பார்த்துத்தான் கேட்டார். வாயைத் திறந்த ஓட்டுநர் பேசுவதற்குள் பதில் வந்துவிட்டது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் சார். காலைல கட்டில்ல இருந்து எந்திரிக்கப் பாத்தாரு, முடியல. நான்தான் தூக்கி உக்கார வச்சேன்” என்றாள் அவர் மனைவி.

திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. தையற்காரர் சட்டைக்கு அளவு கேட்டாலும், கடைக்காரர் செருப்புக்கு அளவு கேட்டாலும் அவள்தான் சொல்வாள். பாதிக் கேள்விகளுக்கு அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதும் உண்மைதான். அதனால் அவர் பேசுகிற வேலையை மொத்தமாக அவளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நிம்மதியாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“சிகரெட், குடி, ஏதாவது உண்டா?”

“அந்தக் கருமமெல்லாம் கிடையாது சார். முன்ன சிகரெட்டு இருந்துச்சு. மக பொறந்தப்ப அவ தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். அன்னையோட விட்டுட்டாரு. தங்கமான மனுஷன்.”

தங்கமான மனுஷன் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

சத்தியம் செய்த அன்று ராத்திரி மட்டும் அவர் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பேருந்துக் கொட்டகையின் பின்சுவரோடு சுவராக நின்று பிடித்தார். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக அதிமதுரக் குச்சி. சட்டைப் பையில் ஒரு கட்டு எப்போதும் இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை மென்று சாற்றை விழுங்கிக்கொண்டே ஓட்டுவார். பிள்ளைகள் அவருக்குக் ‘குச்சி அங்கிள்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இப்போது இந்தக் காலை முடக்கிப் போட்டது அந்தச் சிகரெட்தான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. மகள் தலையில் அடித்த சத்தியம் சும்மா விடுமா?

டாக்டர்களுக்கோ தலை கிறுகிறுத்தது. ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கிடந்தது. அது குறைந்தால் தசைகள் வேலைநிறுத்தம் செய்துவிடும் என்றார் பெரிய டாக்டர். குழாய் வழியாக ஏற்றினார்கள், ஏறியது. மறுநாள் பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது. மாணவர்களைக் கூட்டமாக அழைத்து வந்து அவரைச் சுற்றி நிறுத்தி, “அருமையான கேஸ், நல்லா பாத்துக்கங்க” என்றார். அருமையான கேஸுக்கு அழுகை முட்டியது. பிரேக்கை மிதிக்க முடியாத ஓட்டுநரிடம் எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒப்படைக்கும்? அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் மனைவி நகர்கிற வழியாக இல்லை. தண்ணீர் கேட்டால் கையில் வைத்திருந்தாள். வெளியே காற்றாட நடந்துவிட்டு வா என்றால், “உங்களத் தனியா விட்டுட்டா?” என்றாள். ராத்திரி வார்டில் கொடுக்கிற பாலைக்கூட அவள்தான் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஆற்றிக் கொடுப்பாள். அந்த அன்பு அவரை முள்ளாகக் குத்தியது.

கடைசியில் ஸ்கேன் அறைதான் கைகொடுத்தது. கூட வருபவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இருட்டில் வயிற்றின் மேல் ஜில்லென்று களிம்பைத் தடவிக்கொண்டிருந்த சின்ன டாக்டரிடம், அவர் கொட்டகைச் சுவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பெண் சிகரெட்டுக்கு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. குச்சிக்குத்தான் துள்ளினாள்.

“அதிமதுரமா? நாள் முழுக்கவா? சார், அதான்! அதுதான் உங்க பொட்டாசியத்த இறக்குது!”

“வீட்டுல சொல்லிடாதீங்கம்மா.”

“சிகரெட்டச் சொல்ல மாட்டேன். இனிமே குச்சியத் தொடாதீங்க.”

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவர் குச்சியைத் தொடவே இல்லை. அதைச் சொல்லவும் செய்தார். அவள் காதில் வாங்கினால்தானே! வயிற்றில் களிம்போடு அவரை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய டாக்டரைத் தேடி ஓடினாள்.

மறுநாள் காலை வந்த சின்ன டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பொட்டாசியம் இன்னும் இறங்கியிருந்தது.

“நிறுத்தினா மெதுவாவாவது ஏறணும் சார், இறங்கக் கூடாது. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்று தலையணையைத் தூக்கிப் பார்த்தாள்.

“சத்தியமா இல்லம்மா!”

எத்தனையோ வருஷத்தில் அவர் செய்த முதல் உண்மையான சத்தியம் அது. நம்பத்தான் ஆளில்லை.

“எதத் தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“அதிமதுரம்மா. இவர் காலு இப்படிக் கிடக்கிறதுக்கு அதுதான் காரணம். வெளியில இருந்து நீங்க ஏதாவது குடுக்கிறீங்களா?”

மனைவி பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மடியிலிருந்த பைக்குள் கையை விட்டு, ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். சின்ன டாக்டர் திறந்து முகர்ந்து பார்த்தாள். அதிமதுரப் பொடி.

“பால்ல தெனமும் கலக்குவேன். இருமலுக்கு நல்லதுன்னு...”

“இருமலே இல்லன்னு எழுதச் சொன்னீங்களேம்மா?”

“சிகரெட்டு இருமல எப்படிம்மா வெளிய சொல்றது?”

ஓட்டுநருக்கு முடங்கிய கால்களோடு மீதி உடம்பும் முடங்கிவிட்டது. சின்ன டாக்டர் டப்பாவை எடுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வேகமாக வெளியேறினாள்.

“உனக்குத் தெரியுமா?”

“சட்டையத் தோய்க்கிறவளுக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. ஒண்ணோட போகட்டும்னு விட்டேன்.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. வார்டு முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் இருமினார்.

“ஒரு நாளைக்கு எத்தன?” என்றாள்.

“ரெண்டு.”

அவள் பார்த்தாள்.

“அஞ்சு” என்றார். “நீ எத்தன ஸ்பூன் போட்ட?”

“ஒண்ணு.”

அவர் பார்த்தார்.

“ரெண்டு. இருமல் ஜாஸ்தியானா மூணு. அதுக்காக இப்படி மொறைக்காதீங்க.”

அதற்குப் பிறகு ஏறிய பொட்டாசியம் இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது பாதத்துக்கு அடியில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

“மிதிங்க.”

“உனக்கு வலிக்கும்.”

“வலிக்கிற மாதிரி மிதிங்க மொதல்ல.”

அவர் எதிர்ச்சுவரை உற்றுப் பார்த்தார். குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, காலை அழுத்தினார். கை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். விரல்கள் நடுங்கின, அது அவர் காலா அவள் கையா என்று தெரியவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொட்டுக்கூட விட்டுக்கொடுக்காமல் கையை மேலே தாங்கிக்கொண்டே இருந்தாள். கை மெதுவாகத் தரையை நோக்கி இறங்கத் தொடங்கியது.