மேலே விழுந்தவன்

கபடியில் காலைப் பிடிப்பது ஒருத்தன் வேலை. உடனே மேலே விழுந்து அமுக்குவது மற்ற எல்லோருடைய வேலை. அவர்கள் விழாவிட்டால் பிடித்தவன் கதி அதோகதிதான். தொண்ணூற்றெட்டு பொங்கலுக்கு மாகறலில் நடந்த இறுதிப் போட்டியில், பெரிய காஞ்சிபுரம் அணியின் ஜான்சன், பாடி வந்த எதிரணி முசரவாக்கத்தானின் கணுக்காலை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டு, இதோ வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தான். ஒரு பயலும் வரவில்லை. பிடிபட்டவன் மற்றக் காலால் வாயிலேயே உதைத்தான். இன்னொன்றும் விட்டான். பிடியை விடாமல் நடுக்கோடு வரைக்கும் இழுபட்டுப் போன ஜான்சனின் முன்பற்கள் இரண்டும் மண்ணில் கிடந்தன. அவன் அணிக்காரர்கள் தேர் வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள்.

இடைவேளையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிய அதே அணியின் கண்ணாயிரம் குசுகுசுத்தான். "நான் சொன்னேன்னு சொல்லிடாதபா. நீ புடிச்சா யாரும் வுழாதீங்கன்னு உமாபதிதான் சொன்னான்."

உமாபதி கேப்டன். மாவட்ட அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஆள் பொறுக்க வந்த கோச் பந்தலில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஜான்சன் பெயரைச் சொல்லிக் கத்தியதில் கேப்டனுக்கு வயிற்றெரிச்சல். சொந்த அணி தோற்றாலும் சரி, இவன் பல் உடைய வேண்டும்! இதெல்லாம் ஒரு பிழைப்பா? ஜான்சனுக்கும் அந்த இடம்தான் உயிர். ரத்தத்தை விழுங்கினான். ஆத்திரத்தை விழுங்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் சமமான புள்ளியில் இருக்க, கடைசியாகப் பாடி வந்தவனை உமாபதியே இடுப்போடு கட்டிப் பிடித்துச் சாய்ந்தான். பிடிபட்டவன் முழங்கையால் உமாபதியின் பிடரியில் இடித்தான், மூக்கில் குத்தினான். மற்றவர்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். சும்மா நின்று பழகிவிட்டதே!

"வாங்கடா!" என்று அலறினான் உமாபதி.

ஜான்சன் பாய்ந்தான். கையால் எதிரியை அமுக்கினான். இரண்டு முழங்காலையும் குறி பார்த்து, நீட்டிக் கிடந்த உமாபதியின் காலில் இறக்கினான். முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அது ஜான்சனுக்கு இனித்தது.

விசில் ஒலித்தது. ஜெயித்துவிட்டார்கள். "டீமுக்காக ஆடுறவன்னா இவன்தான்!" என்று கோச் மைக்கிலேயே சொன்னார்.

உமாபதியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் தன் இஷ்டத்துக்குத் தொங்கியது. அவன் ஜான்சனின் கையை எட்டிப் பிடித்து, சின்னப் பிள்ளை போல அழுதான்.

"நான் உனக்குப் பண்ணதுக்கு நீயும் நின்னு வேடிக்கை பாத்திருக்கலாம்டா. நீ ஒருத்தன்தான் வந்த."

ஜான்சன் ரத்தத்தைத் துப்பினான். கையை உருவிக்கொள்ளப் பார்த்தான், உமாபதி விடவில்லை.